நான் கொன்ற ஓடக்காரன்

ஒரு கதையில் உயிரோடு இருந்தவனைச் செத்துவிட்டான் என்று மூன்று பெண்களிடம் சொன்னேன். புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. எழுதியிருப்பதுபோலப் பக்கத்தைப் பார்த்தபடியே படித்தேன். அந்த மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். இப்போது எழுபத்திரண்டு.

இதெல்லாம் ஒரு தப்பா என்று என் மகள் கேட்டாள். அன்று என் அண்ணியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

எங்கள் வீடு பாகூர் ஏரிக்குக் கிழக்கே. அண்ணன்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். பள்ளத்தில் நெல்லும் கரும்பும், மேட்டில் மணிலா என்கிற வேர்க்கடலை. எங்கள் பக்கத்துப் பேச்சில் அது மல்லாட்டை. தைப் பட்டத்துக்கு விதைக்க வேண்டுமானால் மார்கழியிலேயே காயை உடைத்துப் பருப்பு எடுக்க வேண்டும். விதைப் பருப்பை மிஷினில் உடைக்க மாட்டார்கள். மூக்கு உடைந்தால் முளைக்காது. கையால்தான் உடைக்க வேண்டும், ஒவ்வொன்றாக. எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தல் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேர் உட்கார்ந்து உடைப்பார்கள்.

ஒருவர் என் அண்ணி. அண்ணன் மனைவி. எனக்கு அம்மா இல்லாததால் பத்து வயதிலிருந்து எனக்குச் சோறு போட்டு, கல்லூரிக்கு அனுப்பும்போது சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். இன்னொருவர் அடுத்த தெரு அக்கா. அவர் வாயில் விழாதவர்கள் ஊரில் யாரும் இல்லை. அவரை வாய்க்கார அக்கா என்றே சொல்கிறேன். மூன்றாவது, எதிர்வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்த ஒரு பெண். எப்போதும் குனிந்த தலை. பேசினால் அவருக்கே கேட்காது.

அந்தக் கதை எனக்குப் பாகூர் கடைத்தெருவில் கிடைத்தது. பழைய பேப்பர் கடை வைத்திருந்த பாய், எடைக்கு வருகிற வார இதழ்களில் தொடர்கதை இருந்தால் பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து வைப்பார். விற்க மாட்டார். தெரிந்தவர்களுக்குப் படிக்கக் கொடுப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஐந்து கட்டுகளை எடுத்து வைத்தார்.

“எங்க வாப்பா காலத்துல வந்த கதைபா. ஒரு வாரம்கூட வுட்டுப்போவாம சேத்து வெச்சிருக்கேன். படிச்சிட்டுப் பத்திரமா குடுத்துடு.”

மாயாஜாலக் கதை. நான் வேதியியல் படித்தவன், இதையெல்லாம் படிக்கிற வயது தாண்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவன். முதல் பக்கத்திலேயே அந்த நினைப்பு போய்விட்டது. ஒரு மந்திரவாதி ஓர் ஆற்றைப் பாயைப்போலச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுகிறான். விடிந்து பார்த்தால் கரை இருக்கிறது, படித்துறை இருக்கிறது, ஆறு இல்லை. அந்தத் துறையில் ஓடம் விட்டுக்கொண்டிருந்தவன், தன் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைத் தேடிக் கிளம்புகிறான். துணைக்கு ஒற்றைக் கண் நாரை ஒன்று. மீன் இல்லாமல் போன கோபத்தில் அது கூட வருகிறது. வாய் ஓயாமல் புலம்பும், ஆனால் ஆபத்தில் அதுதான் வழி சொல்லும்.

மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து அந்த நாரை பேசுவதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

“இன்னா தம்பி, தனியா சிரிச்சிகினு கீற?” என்றார் அண்ணி பந்தலிலிருந்து. “எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?”

“வேலைக்கிப் போற காயிதம் வந்துச்சோ இன்னாவோ,” என்றார் வாய்க்கார அக்கா. “அதான் சிரிக்கிறாரு படிச்ச மாப்ள.”

அன்றிலிருந்து தினமும் மதியம் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். “எங்கள வுட்டுட்டு நீ மட்டும் முன்னால படிக்கக் கூடாது. எல்லாரும் சேந்துதான் போவணும்.” சரி என்றேன். அதைக் காப்பாற்றவும் செய்தேன். அதனால்தான் பிறகு நடந்தது எனக்கும் சேர்ந்தே நடந்தது.

அவர்கள் கதை கேட்ட விதத்தை நான் எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை. கை காயை உடைத்துக்கொண்டே இருக்கும். காது மட்டும் என்னிடம். ஆற்றைச் சுருட்டிய இடம் வந்ததும் வாய்க்கார அக்கா, “நம்ம பெண்ணையாத்த எவன் சுருட்டினான்னு இப்பதானே தெரியிது,” என்றார். பேரைச் சொன்னால் அந்தப் பேர் மறந்துபோகும் காடு ஒன்று வரும். மரங்கள் ஒவ்வொன்றும் ‘உன் பேர் என்ன, உன் பேர் என்ன’ என்று கெஞ்சும். அதைப் படிக்கும்போது புதுப்பெண் முதன்முதலாக வாய் திறந்து, “சொல்லாத, சொல்லாத,” என்றார். மற்ற இருவரும் உடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

அண்ணி அதிகம் பேச மாட்டார். ஓடக்காரன் சாப்பிட்டானா என்று மட்டும் கேட்பார். இரண்டு அத்தியாயமாக அவன் எதுவும் சாப்பிடவில்லை என்றால் முகம் வாடும். “எழுதனவருக்கு அது தோணல பாரு,” என்பார்.

மூன்று வாரத்தில் மூன்றாவது கட்டின் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். அதற்குள் விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது. என்னோடு படித்தவர்கள் நாலைந்து பேர் அங்கே மாலையில் கூடுவார்கள். ஒருநாள் நான் போய் நின்றதும் ஒருவன், “டேய், வாத்தியார் வந்துட்டாருடா, பெஞ்சுல எடம் வுடுங்க. மல்லாட்டை ஒடைக்கிற பொம்பளைங்களுக்குக் கதை படிக்கிறாராம்,” என்றான். இன்னொருவன் நாரையைப்போல ஒற்றைக் காலில் நின்று காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்போது காது எரிந்தது.

மறுநாள் மதியம் பந்தலில் உட்கார்ந்து மூன்றாவது கட்டின் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். ஓடக்காரன் ஆயிரம் படிக் கிணற்றுக்கு வந்துவிட்டான். படிகள் பாதியில் இடிந்திருக்கின்றன. மேலே ஒரு தூணில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்து இருட்டுக்குள் இறங்குகிறான். கயிறு அறுகிறது. அவ்வளவுதான், ‘அடுத்த வாரம்’ என்று போட்டிருந்தது.

நான் நிறுத்தவில்லை. குரலைக்கூட மாற்றவில்லை. “ஓடக்காரன் அடியில் இருந்த பாறையில் விழுந்து மாண்டான்,” என்று படித்தேன். மூன்று பேரின் கைகளும் நின்றன. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஒரு திமிர் ஏறியது. அதையும் சொல்லிவிடுகிறேன். என் வார்த்தைக்கு அவர்கள் அப்படி உறைந்து உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நாரையையும் விடவில்லை. “நாரை மூன்று நாள் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான்காம் நாள் சிறகை மடக்கிக்கொண்டு தானும் உள்ளே விழுந்தது. அந்த ஆறு பிறகு யாருக்கும் கிடைக்கவில்லை. முற்றும்.”

அண்ணி கேட்டார்: “அந்த ரெண்டு கட்டு?”

“அது வேற கதை அண்ணி.”

புதுப்பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அண்ணி அழவில்லை. மடியில் இருந்த பருப்பை முறத்தில் கொட்டினார். எழுந்து போய் என்னை மோட்டாரைப் போடச் சொன்னார். குழாயில் விழுகிற தண்ணீரில் தலையைக் கொடுத்து நின்றார். சாவு சேதி காதில் விழுந்தால் எங்கள் பக்கத்தில் தலை முழுகுவார்கள். வாய்க்கார அக்கா, “கதையில செத்தவனுக்கு எவளாச்சும் தல முழுவுவாளாடி?” என்று திட்டிக்கொண்டே போய், தானும் முழுகினார்.

மறுநாள் காலையில் ஐந்து கட்டுகளையும் பாயிடம் திருப்பிக் கொடுத்தேன். கடைசி இரண்டு கட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் பொய் சொன்னது உறுதியாகிவிடும் என்ற பயம். “எப்டிபா இருந்துது?” என்று அவர் கேட்டதற்கு “நல்லா இருந்துது பாய்” என்றேன்.

அண்ணி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள அவருக்குக் காரணம் தெரியாதே. ஆனால் சில நாள் கழித்து நானே வேறொரு கதையை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனபோது, “வேணாம் தம்பி, இனிமே எனக்குக் கதை படிக்காத,” என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஊரில் திருவிழாவுக்குக் கூத்து வைத்தால் போக மாட்டார். டி.வி. வந்த பிறகு தெருப் பெண்கள் எல்லாம் தொடர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தோட்டத்தில் எதையாவது கொத்திக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: “ஆசையா கேட்டுகினு போனா கடைசில யாராச்சும் சாவாங்க. எனக்கு எதுக்கு?” பேரப்பிள்ளைகள் பிறந்து, கதை சொல்லு என்று மடியில் ஏறியபோதும், “உங்க சின்னத் தாத்தாவ கேளுங்க, அவருதான் படிச்சவரு,” என்று என்னிடம் அனுப்பிவிடுவார். அவருக்கு மிகவும் பிடித்திருந்த ஒன்றை ஒரு மதியத்தில் நான் பிடுங்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அது எனக்கு உறைத்தது. சர்க்கரை ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து, கல்யாணமாகி, ஓய்வும் பெற்றேன். சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கொஞ்சம் கடினமாகிக்கொண்டே போனது.

போன ஐப்பசியில் கண் ஆபரேஷன் முடிந்து, எழுத்து மறுபடி தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. மகள் என்னைப் புதுச்சேரியில் நடந்த புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். ஒரு கடையின் மூலையில் இரண்டு தடித்த புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அட்டையில் துடுப்பின் மேல் ஒற்றைக் கண் நாரை ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பயந்துபோய், சர்க்கரை இறங்கிவிட்டதா என்று மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். நான் அதை வாயில் போட்டுக்கொண்டு இரண்டு புத்தகத்தையும் எடுத்தேன்.

அடுத்த நான்கு நாளும் அடைமழை. நான் கிணறு இருக்கும் பக்கத்தைத் தேடிப் போகவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பயத்தோடுதான் ஆரம்பித்தேன். ஆனால் காட்டில் மரங்கள் பேர் கேட்க ஆரம்பித்தபோது பயத்தை மறந்துவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷத்தை எழுபத்திரண்டு வயதில் எதிர்பார்க்கவில்லை. நின்றபடியே தூங்குகிற ஊரில், ஓடக்காரன் ஒவ்வொருவர் காதிலும் தண்ணீர் சலசலப்பதுபோல ஓசை செய்து எழுப்புகிறான். அதைப் படித்தபோது வெளியே எங்கள் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் “ஒரே ஒரு அத்தியாயம்” என்றேன். என் மனைவி, “பரீட்சைக்குக்கூட இப்டிப் படிச்சிருக்க மாட்டீங்க,” என்றாள்.

முதல் புத்தகம் முடிந்து இரண்டாவதில் கொஞ்ச தூரம் போன பிறகு கயிறு அறுந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாவது வரியிலேயே அவன் தண்ணீரில் விழுந்தான். கிணற்றின் அடியில் பாறையே இல்லை. மந்திரவாதி சுருட்டி ஒளித்துவைத்த ஆறு அங்கேதான் கிடந்தது. ஓடக்காரன் தன் ஆற்றிலேயே விழுந்தான். கயிற்றை அறுத்தது எதிரியும் அல்ல, நாரைதான். மேலே மந்திரவாதி வந்து கயிற்றை இழுக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, தன் அலகால் கொத்தி அறுத்திருக்கிறது.

புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். ஐம்பது வருடமாக அவன் செத்துத்தான் போயிருந்தான், எனக்கும். நான் சொன்ன பொய்யை நானே நம்பியிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவன் பிழைத்ததில் எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது. ஒரு சொந்தக்காரன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வெளியே வந்ததுபோல இருந்தது. அந்த நிம்மதி எனக்கு மட்டும் வந்ததுதான் உடனே உறுத்தியது.

மீதியைப் படித்து முடிக்கவில்லை. நிபந்தனை நினைவுக்கு வந்தது. எல்லோரும் சேர்ந்துதான் போக வேண்டும்.

அண்ணி பக்கத்து வீட்டில் தன் மகனோடு இருக்கிறார். அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது. எண்பதை நெருங்குகிறார், ஆனால் கண்ணும் காதும் என்னைவிட நன்றாக இருக்கின்றன. மழை விட்ட மறுநாள் காலை தோட்டத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, “அண்ணி, அந்த ஓடக்காரன் கதை ஞாபகம் கீதா?” என்றேன்.

“கெணத்துல வுழுந்து செத்தானே, அவனா?”

யோசிக்கவே இல்லை அவர். நான் முழுவதையும் சொன்னேன். டீக்கடை, நாரை மாதிரி ஒற்றைக் காலில் நின்றவன், என் திமிர், எதையும் மறைக்கவில்லை. கீரை உருவுகிற கை நின்றுவிட்டது.

“அவன் சாவலயா?”

“சாவல அண்ணி.”

“நாரை?”

“அதுவும் நல்லா கீது.”

“அந்த ரெண்டு கட்டு வேற கதைன்னியே?”

“பொய் அண்ணி.”

கையிலிருந்த முருங்கைக் காம்பை என் மேல் விட்டெறிந்தார். கண்ணாடியில் பட்டது. “எழுந்து போ,” என்றார். போனேன்.

மூன்று நாள் பேசவில்லை. என் மனைவி குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணம் காலியாகத் திரும்பி வரும், ஒரு வார்த்தையும் வராது. நான்காம் நாள் காலையில் வெளுத்த புடவை கட்டி, கையில் மஞ்சப்பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“கெளம்பு. புத்தகத்த எடுத்துக்க.”

“எங்க அண்ணி?”

“சாவு சொன்னது நீ. என் ஒருத்திக்கா சொன்ன? மூணு பேருக்குச் சொன்ன. அவளுங்க ரெண்டு பேருக்கும் இன்னும் அவன் செத்தவன்தானே? நீதான் போயி பொழச்சிகினான்னு சொல்லணும்.”

“போன் பண்ணிடலாமே அண்ணி.”

“சாவு சேதிய எந்தக் காலத்துலயாச்சும் ஒக்காந்த எடத்துலேந்து சொல்லுவாங்களா? வூடு வூடா போயி, வாசல்ல நின்னு சொல்லணும். இதுவும் அப்டித்தான்.”

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் சொந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் ஆள் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் தலைமுறைக்கும் பேச்சு நிற்கும். இப்போது போனிலேயே சொல்லிவிடுகிறார்கள், அது வேறு. ஆனால் செத்தவன் சாகவில்லை என்று சொல்ல ஆள் போனதை நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணியும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். வழக்கம் இல்லாததற்கு ஒரு வழக்கத்தை அவரே ஏற்படுத்திக்கொண்டார்.

முதலில் சோரியாங்குப்பம். அன்றைய புதுப்பெண் இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். ஆட்டோவில் போனோம். எழுபது வயதுக்கு நல்ல கனத்த உடம்பு, கணீரென்ற குரல். என்னைப் பார்த்து எழுந்து, “வாங்க, வாங்க,” என்றார். நான் உட்காரப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். “நின்னுகினே சொல்லு.”

நின்றுகொண்டே சொன்னேன். அவர் என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்தக் கதை?”

“அடியே, நீ முந்தானைய வாய்ல வெச்சிகினு அழுதியே!” என்றார் அண்ணி.

“அதுவா?” அவர் சிரிக்க ஆரம்பித்தார். “அக்கா, நான் கதைக்கா அழுதேன்? அன்னிக்குக் காலைலதான் என் மாமியாரு, பொங்கலுக்கு எங்கம்மா வூட்டுக்குப் போவக் கூடாதுன்னு சொன்னது. வூட்ல அழுவ முடியுமா? ஒரு சாக்கு கெடச்சுது, அழுது தீத்தேன். யாரு செத்தான்னுகூட எனக்குத் தெரியாது.” பிறகு என்னைப் பார்த்து, “அன்னிக்கு நீங்க மட்டும் சாவடிக்கலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும். உக்காருங்க, காப்பி போடறேன்,” என்றார்.

அண்ணியின் பிடி தளர்ந்தது. உட்கார்ந்தேன். ஐம்பது வருடமாக நான் சுமந்ததில் மூன்றில் ஒரு பங்கு என் பொய்யால் வந்த கண்ணீரே இல்லை என்று தெரிந்தபோது, காப்பி அவ்வளவு ருசியாக இருந்தது.

ஆட்டோவில் ஏறும்போது அண்ணி, “அவ அழுததுக்கு உனுக்குக் கணக்குக் கெடையாது. அதுக்காவ என்னுது கொறஞ்சிடாது,” என்றார். “சரி அண்ணி,” என்றேன்.

வாய்க்கார அக்கா மகனோடு திருக்கனூருக்குக் குடிபோய் இருபது வருடம் ஆகிறது. அங்கே மறுநாள் போனோம். பாகூரிலிருந்து புதுச்சேரி, அங்கே மாறி வில்லியனூர் வழியாக இன்னொரு பஸ். சந்தை நாள் என்பதால் உள்ளே நிற்கவும் இடமில்லை. ஒரு பையன் எழுந்து அண்ணிக்கு இடம் கொடுத்தான். நான் புத்தகத்தை அணைத்துக்கொண்டு நின்றேன்.

அக்காவுக்குப் பல் ஒன்றுகூட இல்லை. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்ததும், “யார்ரா இது, படிச்ச மாப்ளயா? தலை முடியெல்லாம் எந்த மந்திரவாதி சுருட்டிகினு போனான்?” என்றார்.

வாசலில் நின்று சொன்னேன். முடித்ததும், “அதெல்லாம் ஒத்துக்க முடியாது,” என்றார்.

“எத்த?”

“அவன் செத்தவன்தான். நான் எம் புள்ளைங்களுக்கு இந்தக் கதைய சொல்லிதான் சோறு ஊட்டினேன். பேரப் புள்ளைங்களுக்கும் சொல்லிட்டேன். இந்தத் தெருவுல பாதி பேரு என் வாயால கேட்டு அழுதவங்க. நாரை கெணத்துல வுழுற எடத்துல நான் ஒரு பாட்டு வேற கட்டி வெச்சிருக்கேன். இப்ப நீ வந்து உசுரு குடுத்தா நான் இன்னா பண்றது?”

“செத்தவன் பொழச்சான்னு சந்தோசப்படாம இன்னாடி பேசற நீ?” என்றார் அண்ணி.

“நீ சும்மா இருடி. நீதான் அம்பது வருசமா காத மூடிகினு கெடந்தவ. நானு அந்தச் சாவ வெச்சிகினு ஒரு ஊரையே அழ வெச்சிருக்கேன். அப்புறம் ஒன்னு, பொய்யா சாவு சொன்னா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. அதனாலதான் அவன் பொழச்சான். இவரு சொன்ன பொய்தான் அவன காப்பாத்திச்சி.”

இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்கு நடுவில் பேச இடம் இல்லை. கடைசியில் அண்ணி என் பக்கம் திரும்பி, “படி,” என்றார். “அந்தப் பக்கத்த மட்டும் படி. அப்புறம் சொல்லட்டும் இவ.”

கயிறு அறுந்த இடத்திலிருந்து படித்தேன். மூன்றாவது வரிக்கு வந்தேன். தண்ணீரில் விழுந்தான் என்றேன். நாரை அலகால் அறுத்தது என்ற வரி வந்ததும் வாய்க்கார அக்கா தொடையில் அடித்துக்கொண்டார்.

“அயே, திருட்டு நாரை! அதுவா அறுத்துது?”

“அதுதான்.”

“எனக்கு அப்பவே தெரியும், அது அப்டியே வுட்டுட்டுப் போவாதுன்னு. நிறுத்தாத, படி.”

அண்ணியைப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கைகள் மடியில் சும்மா கிடக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உடைத்துக்கொண்டிருந்தன. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை படித்தேன். கிளம்பும்போது அக்கா, “மிச்சத்தையும் வந்து படிச்சிக் காட்டிட்டு போ. ஆனா எம் புள்ளைங்களுக்கு நான் எஞ் சாவைதான் சொல்லுவேன், அதுல தலையிடாத,” என்றார். அதை என்னால் திருத்த முடியவில்லை. திருக்கனூரின் ஒரு தெருவில் அந்த ஓடக்காரன் இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். வில்லியனூர் தாண்டிய பிறகு, “உம் மேல கோவம் போச்சின்னு நெனச்சிக்காத,” என்றார்.

“இல்ல அண்ணி.”

“அந்த ஆத்த விரிச்சா கெணத்துக்குள்ள எடம் பத்துமா?”

“தெரியாது அண்ணி. நான் இன்னும் படிக்கல.”

திரும்பி என்னைப் பார்த்தார். “படிக்கலயா?”

“எல்லாரும் சேந்துதான்னு சொன்னீங்களே.”

அவர் மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து மதியம் மூன்று மணிக்கு அவர் வீட்டில் படித்தோம். முதலிலிருந்து படிக்கச் சொன்னார். திருக்கனூர் அக்காவுக்குப் போனில் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அவர் பாதி நேரம் கேட்டார், பாதி நேரம் கதையைத் திருத்தினார். அண்ணி என்னை முழுவதும் நம்பிவிடவில்லை. ஒவ்வொரு நாளும் ஆரம்பிப்பதற்கு முன் புத்தகத்தை வாங்கி, படிக்காமல் மீதி இருக்கிற பக்கங்களின் கனத்தைக் கட்டைவிரலால் அளந்து பார்ப்பார். முடித்ததும் மறுபடி அளப்பார். “இன்னிக்கு இவ்ளோதான் கொறஞ்சுதா?” என்பார். நான் முகம் சுளித்ததில்லை.

ஆற்றை விரித்தபடியே அதன் மேல் ஓடம் விட்டுக்கொண்டு அவன் ஊருக்குத் திரும்புகிறான். மந்திரவாதி பின்னாலிருந்து சுருட்டிக்கொண்டே துரத்துகிறான். அந்த இருபது அத்தியாயத்தை நான் எப்படிச் சொல்ல. அண்ணி இரண்டு முறை எழுந்து நின்றுவிட்டார். ஒருமுறை, நாரை வழியில் மீன் பிடிக்கப் போய் நேரம் கடத்தியதற்கு அதை வெளியே சொல்ல முடியாத வார்த்தையால் திட்டினார். ஓடக்காரன் ஓரிடத்தில் கரையேறி, ஒரு வீட்டில் கூழ் வாங்கிக் குடித்ததும், “அப்பா, ஒருவழியா,” என்று மூச்சு விட்டார்.

போன வாரம் முடிந்தது. ஆறு பழைய இடத்தில் ஓடுகிறது. ஓடக்காரன் முதல் ஆளை அக்கரைக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். அதோடு முற்றும். அந்தக் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பின்னால் வெறும் வெள்ளைத் தாள். அதையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“இதுக்கப்பால ஒன்னும் இல்லியே?”

“இல்ல அண்ணி.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சரி, நாளைக்கு இன்னா படிக்கப் போற?” என்று கேட்டார்.